ஐந்நூறு ரூபாய்க்கு எல்லாம் போட்டுத் தந்த கணினி

2017 ஆம் ஆண்டு, மூத்த மகள் கட்டடப் பொறியியல் படிப்பில் சேர்ந்த கையோடு, வீட்டுக்கு ஒரு மேசைக் கணினி வாங்கினோம். பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்திக் கொடுத்த பாளையங்கோட்டைக் கடைக்காரர், ரசீதில் எழுதாத ஒரு தொகையைக் கடைசியில் கேட்டார். "ஒரு ஐந்நூறு சேர்த்துக் குடுங்க சார். விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், தமிழ் டைப்பிங் எல்லாம் போட்டுத் தந்துருதேன்" என்றார். மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் தெரியவில்லை, பணத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த ஐந்நூறில் ஒரு காசுகூட மென்பொருளை எழுதியவர்களுக்குப் போகாது என்பதும், கணினியில் ஏறியவை அனைத்தும் பூட்டு உடைத்த பிரதிகள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். ஊரில் எல்லாரும் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது.

இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய பிறகு, 2019 நவம்பரில் ஆபீஸ் தொகுப்பின் தலைப்பில் உரிமம் செல்லாது என்று ஒரு சிவப்புப் பட்டை தோன்றத் தொடங்கியது. கடைக்காரரைக் கைப்பேசியில் கேட்டேன். அவர் ஓர் இணைப்பை அனுப்பி, "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இதை ஓட விடுங்க சார், ரெண்டு நிமிஷ வேலை" என்றார். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்று ஒருவன் சொன்னால் நாம் அவனை வீட்டுக்குள் விடுவோமா? கணினியில் விட்டேன். சிவப்புப் பட்டையும் மறைந்தது.

மறுநாள் காலை அரையாண்டுத் தேர்வு வினாத்தாளைத் திறக்கப் போனபோது, அந்தக் கோப்பின் சின்னம் வெறும் வெள்ளைத் தாளாக மாறியிருந்தது. பெயரின் முடிவில் நான் இதுவரை பார்த்திராத சில எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அடுத்த கோப்பும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு கோப்புறையிலும் ‘ரீட்மீ’ என்ற பெயரில் ஒரு சிறிய உரைக் கோப்பு இருந்தது. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்கும் சாவியின் விலை 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, அதாவது 490 டாலர் என்று அதில் எழுதியிருந்தது. தீபாவளித் தள்ளுபடி போல அந்தக் கொள்ளையிலும் ஒரு தள்ளுபடி. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 35 ஆயிரம் ரூபாய். கணினியின் விலையே அதைவிடக் குறைவு.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்களை ரான்சம்வேர் என்கிறார்களே, அதில் ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவியூ’ என்று அழைக்கப்படும் குடும்பம் அது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். பூட்டு உடைத்த மென்பொருள்களோடும் அவற்றை உயிர்ப்பிக்கும் குட்டி நிரல்களோடும் சேர்ந்தே அது பெரும்பாலும் பரவியது. எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் அதற்கு முந்தைய மாதந்தான், 2019 அக்டோபரில், இந்த வைரஸுக்கு ஓர் இலவச மீட்புக் கருவியை வெளியிட்டிருந்தது. நெதர்லாந்துக் காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்திலும் இத்தகைய கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால், பூட்டும் நேரத்தில் வைரஸால் தன் தலைமைக் கணினியைத் தொடர்புகொள்ள முடியாமல் போயிருந்தால்தான் புதிய வகைகளில் மீட்புக்கு வழியுண்டு. எங்கள் வீட்டு இணைய இணைப்பு அன்று மட்டும் ஏனோ நன்றாக வேலை செய்திருக்கிறது. பணம் கட்டவில்லை. மகளின் வரைபடங்கள் அவளுடைய பென் டிரைவில் இருந்தன. குடும்பப் படங்களில் பாதி மனைவியின் கைப்பேசியில் இருந்தன. என்னுடைய பதினோரு ஆண்டு வினாத்தாள்களும் பயிற்சித் தாள்களும் போயின.

சட்டத்தையும் அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்ற பிரிவு, உரிமம் மீறிய பிரதி என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. வணிக நோக்கமில்லாத பயன்பாடாக இருந்தால் சிறையைத் தவிர்த்து, 50 ஆயிரத்துக்கு மேற்படாத அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம். வீட்டுக் கதவைத் தட்டி யாரும் சோதிக்கப்போவதில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனாலும் மாணவர்கள் காப்பி அடித்தால் விடைத்தாளைப் பிடுங்குகிற நான், வினாத்தாளைத் திருட்டு மென்பொருளில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன் என்பது அதன் பிறகு உறுத்தத் தொடங்கியது.

கணினியைத் துடைத்து எடுத்து, விண்டோஸ் 10 ஐ மட்டும் ரசீதோடு முழு விலைக்கு வாங்கினோம். மற்ற எதற்கும் பணம் செலவழிக்காமல் சமாளிக்க முடியுமா என்று பார்க்க, மகள் ஒரு பழைய பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதினாள். என்ன மென்பொருள் வேண்டும் என்று அவள் எழுதவில்லை. யார், என்ன வேலை செய்கிறோம், முடித்த கோப்பை யாரிடம் கொடுக்கிறோம் என்று மூன்று கட்டங்கள் போட்டாள். போட்டோஷாப் வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததன் பொருள், பாஸ்போர்ட் அளவுப் படத்தை வெட்டுவதும் பள்ளி விழா அழைப்பிதழில் எழுத்தை நகர்த்துவதும்தான் என்பது அந்த நோட்டில்தான் தெரிந்தது. முதல் வேலைக்குக் கிம்ப், இரண்டாவது வேலைக்கு இங்க்ஸ்கேப். இரண்டும் முழு இலவசம், வீட்டிலும் பள்ளியிலும் கடையிலும் தடையின்றிப் பயன்படுத்தலாம். படம் பார்க்க வி.எல்.சி., சுருக்கிய கோப்புகளைத் திறக்க செவன்-ஸிப், பாடத்தைக் குரலில் பதிவு செய்ய ஆடாசிட்டி. இவற்றைப் பற்றி விரிக்க எதுவும் இல்லை. நிறுவினோம், வேலை செய்கின்றன.

விரித்துச் சொல்ல வேண்டியது லிப்ரே ஆபீஸ். ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010 இல் பிரிந்து வந்த இந்தத் தொகுப்பை டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. கட்டுரை எழுத ரைட்டர், கணக்குத்தாளுக்குக் கால்க், வகுப்பில் காட்டும் ஸ்லைடுகளுக்கு இம்ப்ரெஸ். முதல் மாதம் இதனோடு நான் சண்டை போட்டேன். தலைமையாசிரியர் அலுவலகத்திலிருந்து வேர்டு கோப்பாக வரும் படிவத்தைத் திறந்தால், ஒரு பக்கத்தில் அடங்க வேண்டிய அட்டவணை இரண்டு பக்கத்துக்கு வழிந்தது. மென்பொருள் மட்டம் என்று முடிவு கட்டியிருப்பேன். மகள்தான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். அந்தப் படிவம் தட்டச்சு செய்யப்பட்ட எழுத்துரு எங்கள் கணினியில் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்ததில் எழுத்தின் அகலம் மாறி வரிகள் வழிந்தன. காலிப்ரி எழுத்துருவுக்கு ஈடாக அதே அகலத்தில் கார்லிட்டோ என்றும், டைம்ஸ் நியூ ரோமனுக்கு ஈடாக லிபரேஷன் செரிஃப் என்றும் இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழை எங்கள் கணினியிலும் அலுவலகக் கணினியிலும் ஒருசேர நிறுவினேன். அதன் பிறகு பெரும்பாலான படிவங்கள் அடங்கி நின்றன. மற்றவர் திருத்த வேண்டாத எதையும் அன்றுமுதல் பி.டி.எஃப். ஆகவே அனுப்புகிறேன், அந்த வசதி லிப்ரே ஆபீஸுக்குள்ளேயே இருக்கிறது. மேக்ரோ எனும் தானியங்கிக் கட்டளைகள் எழுதிய எக்செல் கோப்புகள் மட்டும் இன்றும் தகராறு செய்கின்றன. அவற்றுக்கு நான் கண்ட வழி, எக்செல் இருக்கும் கணினிக்குப் போவதுதான்.

வேர்டும் எக்செலும் இல்லாமல் முடியவே முடியாது என்பவர்களுக்கும் ஒரு நேர்வழி உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று இருந்தால் உலாவியிலேயே அவற்றின் எளிய வடிவங்களை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்; 5 ஜி.பி. சேமிப்பிடமும் கிடைக்கும். பள்ளி அல்லது கல்லூரி பதிவு செய்திருந்தால், அந்த நிறுவனம் தரும் மின்னஞ்சலைக் கொண்டு மாணவரும் ஆசிரியரும் கல்விக்கான இலவசத் திட்டத்தில் சேரலாம்.

தமிழ்த் தட்டச்சுதான் என் சொந்த வேலை. கடைக்காரர் போட்டுத் தந்த ‘தமிழ் டைப்பிங்’, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களை நம்பியது. அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பாரதியார் கவிதையும் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். சக ஆசிரியர்களிடம் இருந்த என் பழைய வினாத்தாள்கள் சில அப்படித்தான் எனக்குத் திரும்பி வந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளுக்கு ஒரு பைசா செலவில்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் ஒன்று, தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகமும் மாற்றியையும் எழுத்துருக்களையும் கட்டணமின்றித் தருகிறது.

மாற்றிய பிறகு ஒரு வேலை இருக்கிறது, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பழைய எழுத்துருக்களில் ‘ர்’ என்பதைத் துணைக்காலும் புள்ளியும் சேர்த்துத் தட்டச்சு செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. தாளில் அச்சிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருங்குறிக்கு மாறிய பிறகும் அந்தத் துணைக்காலும் புள்ளியும் அப்படியே நிற்கும். ‘தேர்வு’ என்ற சொல்லைத் தேடினால், கண்ணெதிரே அந்தச் சொல் இருந்தும் கணினி இல்லை என்று சொல்லும். முதல் நாள் நான் என் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். தேடி மாற்றும் வசதியில், துணைக்காலோடு புள்ளி வரும் இடங்களையெல்லாம் ‘ர்’ என்று ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம். நாற்பது பக்கத் தாள் ஒரு நொடியில் சரியாகிவிட்டது. தட்டச்சுக்கும் தனி மென்பொருள் வாங்கத் தேவையில்லை. 1999 இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, 2019 மே மாத மேம்பாடு முதல் விண்டோஸ் 10 க்குள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் தமிழ் மொழியைச் சேர்த்து அந்த விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் 2020 இல் ஒருமுறை வழுக்கினேன். ஓர் இணையச் சந்தையில் ஆபீஸ் தொகுப்பின் ‘வாழ்நாள் உரிமம்’ 499 ரூபாய்க்கு விற்பனைக்கு இருந்தது. இதற்கு ரசீது உண்டு, நட்சத்திர மதிப்பீடு உண்டு, ஆகவே திருட்டு இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வாங்கினேன். வந்தது சாவி அல்ல; ஏதோ ஒரு வெளிநாட்டுக் கல்லூரியின் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும். அந்தக் கணக்கில் நான் சேமிக்கும் கோப்புகளை அந்த நிறுவனத்தின் நிர்வாகி நினைத்தால் பார்க்கலாம், நினைத்தால் அழிக்கலாம் என்பது எட்டு மாதம் கழித்துக் கணக்கு முடக்கப்பட்டபோதுதான் உறைத்தது. நல்ல வேளை, அதில் நான் வைத்திருந்தவை இரண்டு கல்யாண அழைப்பிதழ்கள். விற்றவரின் பக்கம் அதற்குள் காணாமல் போயிருந்தது. இத்தகைய மலிவுச் சாவிகளில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமங்களிலிருந்து உதிரியாகக் கழற்றி விற்கப்படுபவை. சந்தை விலையில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு சாவி கிடைக்கிறதென்றால் அதை வாங்காமல் இருப்பதே நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

முறையான தள்ளுபடி என்பது மாணவர்களுக்குத்தான் உண்மையில் அள்ளிக் கொடுக்கப்படுகிறது, அதைக் கேட்டு வாங்குபவர்கள்தாம் குறைவு. ஆட்டோகேட் உள்ளிட்ட, கட்டட வரைபடம் போன்றவற்றை வரையும் மென்பொருள்களை ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு ஓராண்டுக்கு இலவசமாகத் தருகிறது. படிக்கும் வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். நிரல் எழுதுபவர்களுக்கு ஜெட்பிரெயின்ஸ் கருவிகளும் அப்படியே. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2014 முதல் மாணவர்களுக்கென ஒரு தொகுப்பையே தருகிறது. பொறியியல் கணக்கீடுகளுக்கான மேட்லேப் போன்றவற்றுக்குப் பல கல்லூரிகள் வளாகம் முழுமைக்குமான உரிமத்தை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும். மாணவர் தம் வீட்டுக் கணினியிலும் நிறுவிக்கொள்ளலாம் என்பது ஆய்வகத்தில் போய்க் கேட்டால்தான் தெரியும். என் மகள் மூன்றாம் ஆண்டில்தான் கேட்டாள். கணினி ஆய்வக உதவியாளர், "இத்தனை வருஷத்துல இதைக் கேட்ட நாலாவது ஆள் நீதாம்மா" என்றாராம்.

விண்ணப்பிக்கும்போது எங்களுக்கு வந்த சிக்கல், நம் ஊர்ப் பெயர்களின் சிக்கல். ஒரு நிறுவனத்தின் படிவம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கொடுத்தது. கல்லூரி அடையாள அட்டையில் மகளின் பெயருக்கு முன்னால் ஒற்றைத் தலைப்பெழுத்து மட்டும் இருந்தது. அவளோ கடைசிப்பெயர் கட்டத்தில் என் பெயரை முழுமையாக எழுதினாள். இரண்டு நாளில் ‘ஆவணத்தோடு பெயர் பொருந்தவில்லை’ என்று பதில் வந்தது. தலைப்பெழுத்தை மட்டும் எழுதி மறுபடி அனுப்பினாள். இம்முறை, அட்டையில் நடப்புக் கல்வியாண்டு குறிப்பிடப்படவில்லை என்று திரும்பியது. மூன்றாவது முறை, கல்லூரி அலுவலகத்தில் ஒரு போனஃபைடு சான்றிதழ் வாங்கினாள். அதில் தலைப்பெழுத்தை விரித்து எழுதிய முழுப்பெயர், கல்லூரியின் பெயர், கல்வியாண்டு, வழங்கிய தேதி ஆகிய நான்கும் இருக்கும்படி கேட்டு வாங்கி, படிவத்திலும் அதே எழுத்துக்கூட்டலில் எழுதி அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் அனுமதி கிடைத்தது. தமிழ்ப் பெயர் கொண்ட எந்த மாணவருக்கும் இதைச் சொல்வேன்: விண்ணப்பத்தைத் தொடங்கும் முன்பே அந்தச் சான்றிதழை வாங்கி, ஒளிவருடி, கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுதோறும் அது வேண்டியிருக்கும்.

மாணவர் உரிமத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. அவள் நான்காம் ஆண்டு படித்தபோது என் தம்பி தன் வீட்டு மாடிக்கு வரைபடம் போட்டுத் தரச் சொல்லி, கூலியாக மூவாயிரம் ரூபாயும் தருவதாகச் சொன்னான். "சித்தப்பா, இது படிக்கிறதுக்குக் குடுத்த உரிமம், காசுக்கு வரையக் கூடாது" என்று அவள் சொன்னபோது, பணத்தை வேண்டாம் என்கிறாளா, வேலையை வேண்டாம் என்கிறாளா என்று தெரியாமல் அவன் விழித்தான். கடைசியில் லிப்ரே கேட் என்ற இலவச மென்பொருளில் வரைந்து கொடுத்தாள். அது இரு பரிமாண வரைபடத்துக்குப் போதுமானது. ஆட்டோகேட் கோப்புகளை ஓரளவு திறக்கும், ஆனால் டி.எக்ஸ்.எஃப். வடிவில்தான் சேமிக்கும். வாங்கும் பொறியாளர் அந்த வடிவை ஏற்பாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இலவசம் முடிகிற நாளை யாரும் கவனிப்பதில்லை. மகள் 2021 இல் படிப்பை முடித்த சில வாரங்களில் கல்லூரி மின்னஞ்சல் மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. அந்த மின்னஞ்சலோடு மேகச் சேமிப்பில் இருந்த நான்கு ஆண்டுக் கோப்புகள், அதைக் கொண்டு பதிவு செய்த எல்லாக் கணக்குகள், வேலைக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த முகவரி என அனைத்தும் கட்டப்பட்டிருந்தன. கூகுள் கணக்காக இருந்ததால், சொந்தக் கணக்குக்குக் கோப்புகளை மாற்றித் தரும் வசதியைப் பயன்படுத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நகர்த்தினோம். வேலைக்கு விண்ணப்பித்தபோது சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருக்க வேண்டும். கல்லூரி முகவரி, தான் மாணவர் என்று நிரூபிப்பதற்கு மட்டுமே.

பணம் கட்டும் மாணவர் திட்டங்களில் முதலாண்டு விலையைப் பெரிய எழுத்திலும், அடுத்த ஆண்டு விலையைச் சிறிய எழுத்திலும் எழுதியிருப்பார்கள். அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் மாணவர் விலை முதலாண்டில் மிகக் குறைவு, பிறகு ஏறும். ‘ஆண்டுத் திட்டம், மாதக் கட்டணம்’ என்பது மாதத் திட்டம் அல்ல. 14 நாள் கழிந்து இடையில் விலகினால் கட்டணம் உண்டு. இலவசச் சோதனைக்கு அட்டை எண்ணோ யூ.பி.ஐ. தானியங்கி அனுமதியோ (ஆட்டோபே) கொடுத்திருந்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வரும். 15 ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்கு ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள் என்பதால், அந்த அறிவிப்பைப் படிக்காமல் தள்ளிவிட்டால் பணம் போனபிறகுதான் தெரியும். யூ.பி.ஐ. செயலியில் தானியங்கி அனுமதிகள் என்ற பகுதியைத் திறந்து வேண்டாததை நீக்கிவிடலாம். என் மனைவியின் செயலியில் இப்படி மூன்று இருந்தன. ஒன்று எதற்கு என்று இருவருக்குமே நினைவில்லை.

இளைய மகன் 2023 இல் பி.காம். சேர்ந்தபோது அவனுக்கு ஒரு புதிய மடிக்கணினி வாங்கினோம். அதில் விண்டோஸோடு ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் தொகுப்பும் விலையிலேயே அடங்கியிருந்தது. விண்டோஸை உயிர்ப்பித்த 180 நாளுக்குள் அதைத் தன் கணக்கில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதை அவன் ஐந்தாவது மாதத்தில் தற்செயலாகப் படித்தான். நம் ஊரில் மடிக்கணினி வாங்கும் பலர் இந்தத் தொகுப்புக்குப் பணம் கொடுத்துவிட்டு, பதிவு செய்யாமல், பிறகு கடையில் திருட்டுப் பிரதியைப் போட்டுக்கொள்கிறார்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளை ஒருமுறை படித்தால் போதும்.

அவனுக்கு வேண்டிய இன்னொன்று, கணக்குப் பதியும் மென்பொருளான டேலி. டேலி பிரைமைப் பணம் கட்டாமல் கல்விப் பயன்முறையில் ஓட்டலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே வவுச்சர் பதிய முடியும். கணக்கு படிப்பவருக்கு இது ஒரு தடையே இல்லை. அவன் ஒரு மளிகைக் கடையின் ஒரு மாத வரவு செலவைப் பயிற்சிக்காகப் பதிந்தான். ஏப்ரல் முழுவதும் நடந்த வியாபாரம் ஏப்ரல் முதல் தேதியிலேயே நடந்து முடிந்தது. இருப்பாய்வு சரியாகவே வந்தது. "அந்தக் கடைக்காரர் முப்பது நாள் லீவு விட்டுட்டார்ப்பா" என்று சிரித்தான்.

கற்றுக்கொள்வதற்கும் காசு கேட்பதில்லை. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் உருவான ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், லிப்ரே ஆபீஸ் உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள்களுக்குச் சுமார் பத்து நிமிடப் பாடங்களைத் தமிழ்க் குரலிலும் தருகிறது. மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை நோட்டில் எழுதிவந்த என் மனைவி, கால்க் பாடங்களைத் தமிழில் கேட்டு, இடையிடையே நிறுத்தி, தானே தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். என்னைக் கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் சண்டையில் முடிந்திருக்கும்.

பதிவிறக்கும்போது தேடுபொறியின் முதல் முடிவை நம்புவதை நிறுத்தினோம். மேலே நிற்பது விளம்பரமாக இருக்கலாம். 2022 இல் கிம்ப் தேடியவர்களை அச்சு அசலாக அதே தோற்றத்தில் அமைந்த போலித் தளத்துக்கு ஒரு விளம்பரம் அழைத்துச் சென்றது. இப்போது விக்கிப்பீடியாவில் அந்த மென்பொருளின் பக்கத்தைத் திறந்து, அங்கிருக்கும் அதிகாரபூர்வத் தளத்தின் இணைப்பிலிருந்தே போகிறோம். பக்கத்தில் மூன்று பச்சை நிறப் பதிவிறக்கப் பொத்தான்கள் இருந்தால் மூன்றையும் தொடாமல் வெளியேறிவிடுவது நல்லது.

விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எங்கள் மேசைக் கணினியின் செயலி விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து அமைப்புகளைச் சேமித்துக்கொள்ள ஒப்புக்கொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு மேம்பாடுகள் கட்டணமின்றி வரும் என்பதால் அதை அப்படிப் பதிவு செய்திருக்கிறேன். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அரசு தந்த விலையில்லா மடிக்கணினி இன்னும் இருக்கிறது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் அதில் விண்டோஸோடு கூடவே வந்தது. கல்லூரியின் நான்கு ஆண்டும் அவள் அந்த லினக்ஸைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது அந்த மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னோர் இலவச இயங்குதளத்தின், பழைய கணினிக்கும் ஏற்ற எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் போட்டிருக்கிறோம். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை, ஒலி, தமிழ்99 மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் நிறுவினோம். 4 ஜி.பி. நினைவகத்தில் உலாவியும் ரைட்டரும் சேர்ந்து ஓடுகின்றன. எங்கள் பழைய லேசர் அச்சுப்பொறி மட்டும் அதனோடு பேச மறுக்கிறது. அச்செடுக்க வேண்டுமானால் பி.டி.எஃப். ஆக்கி, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மேசைக் கணினிக்கு நடக்கிறேன்.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இப்போது தேதிகளும் ஏறியிருக்கின்றன. எந்த உரிமம் எந்த நாளில் முடிகிறது, எந்தக் கோப்பு எந்தக் கணக்கில் இருக்கிறது, வெளி வட்டில் கடைசியாக எப்போது நகல் எடுத்தோம் என்பவை எல்லாம் அதில் உண்டு. கடைசி வரி மகனுடையது: 2026 மே, கல்லூரி மெயில் மூடும், அதற்கு முன் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். பக்கத்தில் அவன் கையெழுத்தில், "ஏப்ரலிலேயே எடுத்துரு" என்று இருக்கிறது.